பாராட்டுத் தீர்மானமும் காணாமல் போன சாக்கெட்டும்

சட்டமன்ற வாசலில் காவலர் தட்டை நீட்டினார். "பாக்கெட்ல இருக்கிறதெல்லாம் போடுங்க."

குட்டையன் சாவியைப் போட்டான். நேற்றும் போட்டிருந்த வேலை பேன்ட்டின் முழங்கால் பையில் கைவிட்டவன் அப்படியே நின்றான். விரலில் தட்டுப்பட்டது என்ன என்று எடுக்காமலே தெரிந்துவிட்டது. ஸ்பேனர் முனையில் மாட்டும் சாக்கெட், கட்டைவிரல் அளவு. விமானத் தொழிற்சாலையில் நேற்று மாலையிலிருந்து எல்லோரும் தேடுவது.

அங்கே கருவிப் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவில் வெட்டிய குழி உண்டு. ஒரு குழி காலியாக இருந்தாலும் விமானம் நகராது. அந்தப் பெட்டிக்குப் பொறுப்பு அவனுடைய மச்சான். மனைவியின் அண்ணன், வேலை வாங்கித் தந்தவர். "நீ எடுத்தியா மாப்ள?" என்று நேற்றே கேட்டார். "உங்க தொப்பைக்கு அடியில தேடிப் பாருங்க" என்று சிரித்துவிட்டு வந்தான். பாக்கெட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் தொட்டியில் நுழைய ஏற்ற உடம்பு குட்டையனுக்குத்தான். அவன் பாராட்டு வாங்க வந்துவிட்டதால், லிஃப்டில் ஏறவே பயப்படும் மச்சான் இன்று சாக்கெட்டைத் தேடி அதற்குள் ஊர்ந்துகொண்டிருந்தார். மதியத்துக்குள் கிடைக்காவிட்டால் வேலை சரி என்று சான்று போட அவருக்குக் கொடுத்திருந்த ஆய்வு முத்திரையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அது போனால் பெட்டியும் போச்சு, பதவியும் போச்சு.

சாக்கெட்டை எடுத்து, கூட வந்திருந்த தொழிற்சாலை மேலாளரிடம் காட்டினான். "சார், அது என்கிட்டயே இருந்திருக்கு. ஒரு போன் பண்ணிடறேன்."

மேலாளர் சாக்கெட்டைப் பார்த்தார். "இறக்கைக்குள்ள இல்லல்ல? அப்புறம் என்ன அவசரம்? முடிஞ்சதும் பண்ணு. கேமரால நம்ம வரிசை பல்லு விழுந்த மாதிரி தெரியணுமா?"

"போடுறீங்களா, வழிய விடுறீங்களா?" என்றார் காவலர்.

குட்டையன் போட்டான். போனும் சாக்கெட்டும் ஒரே பையில் போயின.

உள்ளே ஓர் உறுப்பினர் தீர்மானத்தை வாசித்தார். வான்வெளித் துறையினரின் அயராத உழைப்பையும் பிசகாத கவனத்தையும் இந்த அவை பாராட்டுகிறது. அதனால் எதுவும் மாறப் போவதில்லை. எனவே எதிர்க்கவும் யாருக்கும் காரணம் இல்லை. "ராக்கெட்ல போனவங்க யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று ஒருவர் பார்வையாளர் மாடத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்டார். சிரிப்பு. தீர்மானத்துக்கு எல்லா உறுப்பினர்களும் 'ஆம்' என்றார்கள், மேசையைத் தட்டினார்கள். விருந்தினர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் சபாநாயகர்.

உட்கார்ந்தே இருந்திருக்கலாம். யாரும் அவனைத் தூக்கி நிறுத்தவில்லை. குட்டையன் தானாகத்தான் எழுந்தான். காலரைக்கூடச் சரிசெய்துகொண்டான்.

வெளியே வந்ததும் போன் செய்தான்.

"மாப்ள!" மச்சானுக்குக் குரல் கட்டியிருந்தது. "கேண்டீன் டிவில பாத்தோம். அந்த வரிசையிலயே நீதான் எடுப்பு. தங்கச்சி போன் பண்ணி ஒரே அழுகை, சந்தோஷத்துல."

"தொட்டியிலேருந்து எப்ப வந்தீங்க?"

"நானா எங்க வந்தேன்? பாதியில மூச்சு முட்டிடுச்சு, காலைப் புடிச்சு இழுத்துப் போட்டாங்க. ஆம்பளையாட்டமாவா கத்தினேன், போ." சிரிக்கப் பார்த்து இருமினார். "கிடைக்கல. நான்தான் தொலைச்சேன்னு சொல்லிட்டேன். முத்திரையை வாங்கிட்டாங்க. அதை விடு. நல்ல நாளும் அதுவுமா..."

"சாக்கெட் என்கிட்ட இருக்கு மச்சான்."

இருமல் நின்றது.

"எப்ப தெரியும்?"

"உள்ள போறப்பவே. வாசல்ல."

"அப்ப டிவில எழுந்து நின்னப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

கேண்டீனில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. "குட்டையனா? குடுங்க அண்ணே, நாங்களும் ஒரு வார்த்தை சொல்றோம்," என்றது யாருடைய குரலோ.

"அப்புறம் சொல்லிக்கலாம்டா," என்றார் மச்சான் அந்தக் குரலிடம். பிறகு இவனிடம், "எடுத்துட்டு வா. சூப்பர்வைசர்கிட்ட நீயே குடு. வாசல்ல தெரிஞ்சதையும் சேத்துச் சொல்லு," என்று வைத்துவிட்டார். மாப்ள என்று சொல்லவில்லை.

படிக்கட்டில் மேலாளர் எல்லோரையும் படத்துக்கு நிறுத்திக்கொண்டிருந்தார். "குட்டையா, முன்னால வந்து நில்லு, மறைஞ்சிடுவ!"

குட்டையன் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். சாக்கெட்டைப் பாக்கெட்டில் போடவில்லை. உள்ளங்கையிலேயே வைத்திருந்தான்.