பல்பொடி தேய்த்த ஷில்லிங்

நனைத்த பஞ்சை மகள் அம்மாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது, அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நான் போனதும், என்னை மாதிரியே காசு சேக்கிற அந்தக் கடிகாரக்காரர் வருவார். அவருக்கு வாய் சும்மா இருக்காது. அந்தப் பளபளன்னு இருக்கிற ஷில்லிங்கை அவர் கண்ணுல காட்டாதே.”

“ஏம்மா?”

“உங்கப்பா மனசு தாங்காது.”

தபால் நிலையத்தில் வேலை பார்த்தபடியே, பழைய இங்கிலாந்து வெள்ளிக் காசுகளை வாழ்நாளெல்லாம் சேர்த்தவள் அம்மா. கல்யாணமான புதிதில், அவளைச் சந்தோஷப்படுத்த நினைத்து, இருந்ததிலேயே நல்ல ஷில்லிங்கைப் பல்பொடி போட்டுத் தேய்த்து நீட்டியிருக்கிறார் அப்பா. பழைய வெள்ளிக்கு அதன்மேல் படிந்த கருமைதான் மதிப்பு. தேய்த்தால் காசு பாழ். “கண்ணாடி மாதிரி இருக்கே!” என்று மட்டும் சொன்னாளாம் அம்மா.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. நாலு மணிக்கு அடங்கிவிட்டது.

மறுநாள் எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்து கடிகாரக்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தபோது, அப்பாவே காசுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இப்ப எதுக்குப்பா? அப்புறம் பாக்கலாமே.”

“இதோட அருமை தெரிஞ்சவர் இவர் ஒருத்தர்தாம்மா.”

கடிகாரக்காரர் கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டார். அவர் கை நேராக ஷில்லிங்குக்குப் போனது.

“எந்தப் புண்ணியவான் இதைத் தேச்...” என்று ஆரம்பித்தவர், மகளின் முகத்தைப் பார்த்தார். “இந்த மாதிரி ஒண்ணு என்கிட்ட இல்ல” என்று முடித்தார்.

அப்பா சிரித்துவிட்டார்.

“அந்தப் புண்ணியவான் நான்தான். பத்து வருஷம் முன்னாடி அவளோட காசுப் புஸ்தகத்தைப் புரட்டினப்பதான் தெரிஞ்சுது.”

“அம்மாகிட்ட சொல்லலியாப்பா?”

“எப்படிச் சொல்றது? எனக்குத் தெரியக்கூடாதுன்னு அவ்வளவு பாடுபட்டாளே. அப்புறம், இன்னொண்ணையும் கெடுத்துடுவேனோங்கிற பயத்துல இந்தக் காசுகளைத் தொட்டதே இல்ல.”

உள்ளே யாரோ பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கடிகாரக்காரர் பெட்டியை அப்பா பக்கம் நகர்த்தினார்.

“இப்பத் தொடுங்க. காசோட முகத்துல விரல் படாம, விளிம்பை மட்டும் பிடிங்க.”

அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கருத்துப்போன ஒரு பெரிய காசை இரண்டு விரலால் எடுத்தார். ஜன்னல் வெயிலில் மெல்லச் சாய்த்தார். கருமையின் ஓரத்தில் நீலம் ஓடியது.

“அடேயப்பா” என்றார். “அந்த லென்ஸைக் கொஞ்சம் குடுங்க.”