கூப்பிட்ட பெயர்

அம்மா சாகும்போது தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்று அக்கா வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுபது வயதில் இதற்கா ஒருத்தி பூரித்துப்போவாள் என்று கேட்டவர்களுக்குத் தோன்றியிருக்கும். அவர்களுக்கு என்ன தெரியும்? பெற்ற நாளிலிருந்து அம்மா அவளை "ஏய்", "இந்தா", "பெரியவளே" என்றுதான் கூப்பிட்டாள். தம்பிக்கு மட்டும் பெயர் உண்டு, அதிலும் கொஞ்சல் உண்டு. தன்னை ஏன் பிடிக்கவில்லை என்பதை நெஞ்சில் கல்லாகச் சுமந்தவளுக்கு, அந்தக் கடைசி நாளில்தான் கல் இறங்கியது.

தம்பி ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பொழுது போகாமல் வம்சாவளி தேடக் கிளம்பியவன், ஆவணக் காப்பகத்துக்கு அக்காவையும் துணைக்கு இழுத்து வந்திருந்தான். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைத் திரையில் நகர்த்திக்கொண்டே வந்தவன் சிரித்தான்.

"பாருக்கா. அப்பா, அம்மா, மூணு வயசுல நீ. ஆனா இந்தக் கணக்கெடுத்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தானே நீ பொறந்தே? பொறக்கறதுக்கு முன்னாடியே ஆஜர் கொடுத்திருக்கியே, அவசரக்குடுக்கை!"

"கணக்கெடுக்க வந்தவன் தூங்கி வழிஞ்சிருப்பான்."

"தூங்கறவனுக்கு உன் பேரு எப்படித் தெரியும்?" என்று கேட்டவன் பாதியிலேயே சிரிப்பை நிறுத்தினான்.

அடுத்ததாக இறப்புப் பதிவேட்டைத் திறந்தான். கணக்கெடுப்புக்கு மறுவருடப் பக்கத்தில் ஒரு பதிவு இருந்தது. அதே தெரு, அதே தகப்பன், அதே பெயர். பெண், வயது நான்கு. காரணம்: தொண்டை அடைப்பான்.

அக்கா நர்ஸாக வேலை பார்த்தவள். அந்த நோயில் குழந்தையின் கழுத்து எப்படி வீங்கும், மூச்சு எப்படி இழுக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"போன புள்ளை பேரையே அடுத்ததுக்கும் வைக்கிறது அப்போ உண்டுக்கா. அப்பா வச்சிருப்பாரு. அம்மாவுக்கு அதைச் சொல்ல வாய் வரல போல. உன்னைப் பிடிக்காம இல்ல."

"கடைசியில வந்துதே."

"அதான். உன்னைத்தானே கூப்பிட்டா?"

யாரிடமும் அவள் சொல்லாத ஒன்று இருந்தது.

"பேரைச் சொல்லிட்டு, 'வந்துட்டியா'ன்னு கேட்டாடா."

"சரி, அதனால என்ன?"

"பத்து நாளா நான் கட்டிலை விட்டு நகரல. எங்கேருந்துடா வருவேன்?"

தம்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கேட்டுட்டு சிரிச்சா. அம்மா என்னைப் பார்த்து அப்படிச் சிரிச்சதே இல்ல. எனக்குன்னு வாங்கி வச்சுக்கிட்டேன்."

அந்த இறப்புப் பதிவின் நகல் வேண்டுமென்று எழுதிக் கொடுத்துவிட்டு பெஞ்சில் காத்திருந்தார்கள். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து எழுத்தர் பெயரைக் கூப்பிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். தம்பி தோளைத் தொட்ட பிறகுதான் போனாள்.

"என்னம்மா, செத்தவங்க பேரு எழுதற இடத்துல உங்க பேரை எழுதிட்டீங்களா?"

"இல்லீங்க. அவ பேருதான் அது. எனக்கும் அதையே வச்சிட்டாங்க."

"உறவு எழுதலையே. அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

வீட்டிலும் தெருவிலும் ஆஸ்பத்திரியிலும் எல்லாருக்கும் அக்காவாகவே இருந்து நரைத்தவள் அவள். யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அக்கா," என்றாள்.