வெறும் இலை டப்பா

“கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. தண்ணியில இன்னா போட்ட?”

“கத்தாத ஷைனி. நாலு ஊட்டுக்குக் கேக்குது.”

“கேக்கட்டும். இன்னா போட்ட?”

நாலு வீட்டுக்குக் கேட்டது உண்மைதான். சுவர் ஒட்டிய வீட்டில் இருக்கும் எனக்குத்தான் பாதி வார்த்தை விட்டுப்போயிற்று. அதனால் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு டம்ளர் சர்க்கரை கடன் கேட்கிற சாக்கில் உள்ளே போனேன். மேரி சமையல் மேடையில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் மகள் ஷைனி சென்னையில் ஒரு கல்லூரியில் பூச்சி ஆராய்ச்சி செய்கிறவள். மாலை ரயிலில் கும்மிடிப்பூண்டி வந்து இறங்கிய வேகத்தில், தோள்பையைக்கூட இறக்காமல் நின்றாள். உருக்காலையில் ஷிப்ட் முடித்து வந்திருந்த வரதன், மேரியின் புருஷன், காலுறையைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

“மஞ்சத்தூளு,” என்றாள் மேரி. “கொஞ்சம் கல்லுப்பு.”

“எத்தினி நாளா?”

“அதுங்க குட்டியா இருந்ததுலேர்ந்து. இலைமேல ஒரே கரி. கீரைய நாம அப்டித்தான அலசுறோம். வாயில்லாத ஜீவன், அழுக்கையா தின்னும்?”

வரதன் தலையை நிமிர்த்தினார். “காலிபிளவர்ல புழு சாவணும்னு போடுறத, நீ புழுவுக்கே போட்டுக்கிறியே மேரி.”

ஷைனி சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் உட்கார்ந்தாள். நான் சர்க்கரை கேட்கவில்லை, மரியாதை தெரிந்தவள்.

எங்கள் லைன் வீடுகளில் மற்றப் பெண்கள் கல்யாணத்துக்குப் பாத்திரம் சேர்த்த வயதில் ஷைனி புழு சேர்த்தாள். ஆமணக்கு இலை தின்கிற புழு. அதன் நடுக்குடலை அறுத்துப் பார்ப்பதுதான் ஆறு வருடமாக அவள் வேலை. குடல் என்றால் ஒரு குழாய், அதில் ஆறு வருடம் பார்க்க என்ன இருக்கிறது என்று நானும்தான் கேட்டேன். போனில் படம் காட்டினாள். குழாயின் சுவரில் நெட்டை நெட்டையாக ஒரே வரிசை செல்கள், உள்பக்க நுனியில் பிரஷ் போல மயிர். நடுநடுவே குடம் மாதிரி ஒரு செல். நெட்டைகள் செரித்ததை உறிஞ்சுமாம். குடங்கள் குடலுக்குள் துணிசோடா கரைத்ததுபோல் காரம் ஏற வழிசெய்யுமாம். தின்ற இலை சுவரைக் கீறாமலிருக்க அதைச் சுற்றி மெல்லிய சவ்வு உறை வேறு. ‘நம்ம வயித்துக்கே இவ்ளோ வசதி இருக்கான்னு தெர்ல’ என்றேன்.

வேப்பங்கொட்டைச் சாறு தோய்த்த இலையைத் தின்றால் இந்தச் சுவர் எப்படி இடிகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதற்கு இரண்டு டப்பா வேண்டும். ஒன்றில் வேப்பஞ்சாறு இலை, இன்னொன்றில் வெறும் இலை. வெறும் இலைப் புழுவின் குடல் பழுதில்லாமல் இருந்தால்தான் மற்றதன் சேதத்தைச் சேதம் என்று சொல்ல முடியும். கல்லூரியில் புழு வளர்க்கிற அறைக்குள் எறும்பு புகுந்துவிட்டதால் டப்பாக்கள் வீட்டுக்கு வந்தன. வேப்பஞ்சாறு டப்பாவுக்குக் காலையிலேயே ஷைனி இலை வைத்துவிடுவாள். வெறும் இலை டப்பாவுக்கு மட்டும் மத்தியானம் மேரி மாற்றுவாள். ஈரத்துணியால் துடைத்து வை, வேறொன்றும் செய்யாதே என்று ஷைனி சொல்லித்தான் போவாள். மேரி துடைக்கிற ஜாதியா? எங்கள் பக்கம் மொட்டைமாடியில் வடகம் காயவைத்தால் உருக்காலைப் புகையில் சாயங்காலத்துக்குள் கறுத்துப்போகும். அலசாமல் அவளுக்குக் கை வராது.

விஷயம் வெளிப்பட்டது அன்று காலைதான். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், வேப்பஞ்சாறு தின்ற புழுவைவிட வெறும் இலை தின்ற புழுவின் குடல் மோசம். செல்லெல்லாம் வீங்கி, சுவரைவிட்டுக் கழன்று கிடந்தது. அவளுடைய கைடு ஜெபா மேடம் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாராம்: “டப்பா மாத்திட்டியா, இல்ல எதையாவது மறைக்கிறியா?” காரணம் தெரியாமல் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டார். ஆய்வேட்டைக் கொடுக்க மிச்சம் இருபத்திநாலு நாள். ஏற்கெனவே இரண்டு தடவை கெடு நீட்டியாயிற்று. தவறினால் பதிவே ரத்து, ஆறு வருடமும் போச்சு.

மறுநாள் மேரி என் வீட்டுக் கதவைத் தட்டினாள். சர்ச்சுக்குக் கட்டுகிற புடவை. “கங்காக்கா, தொணைக்கு வா. அந்த மேடத்தப் பாக்கணும்.”

“ஷைனிக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா உடுவாளா?”

நான் போகாமல் வேறு யார் போவார்கள். ஜெபா மேடம் ஒல்லியாக, கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேரி நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மேடம் ஒரு நோட்டை எடுத்தார்.

“உப்பு எவ்வளவு போட்டீங்க?”

“ஒரு கை மேடம்.”

“கைன்னா?”

மேரி கையைக் காட்டினாள். மேடம் எழுந்துபோய் ஒரு உப்பு ஜாடியும் எலக்ட்ரானிக் தராசும் கொண்டுவந்து வைத்தார். “வீட்ல போடுற மாதிரியே எடுத்துப் போடுங்க.” மேரி அள்ளிப் போட்டாள். முப்பத்தெட்டு கிராம். மறுபடி போடச் சொன்னார். நாற்பத்தொன்று. எழுதிக்கொண்டார்.

“எவ்வளவு நேரம் ஊறும்?”

“ஒரு சீரியல் முடியுற வரைக்கும்.”

மேடம் என்னைப் பார்த்தார். “அர மணி நேரம் மேடம், விளம்பரத்தோட,” என்றேன்.

அதையும் எழுதினார். மேரி உப்புக் கையைப் புடவையில் துடைத்தாள். “எம் பொண்ணு பொய் சொல்லல மேடம்.”

“பொய்னு நான் சொல்லலையே. காரணம் கேட்டேன், கிடைச்சிடுச்சு. இது மஞ்சளா, உப்பா, இலைமேல இருந்த கரியான்னு இப்ப பிரிச்சுச் சொல்ல முடியாது. அது வேற ஆராய்ச்சி. எனக்கு வெறும் இலை தின்ன புழு புதுசா வேணும். கெடுவுக்குள்ள காட்டட்டும், கையெழுத்துப் போடுறேன்.”

இதைக் கேட்டு ஷைனி அம்மா காலில் விழுவாள் என்று எதிர்பார்த்தேன். “என்னக் கேக்காம ஏன் போன?” என்றவள் இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் அன்றைக்கே கல்லூரியிலிருந்து கொண்டுவந்த புழு முட்டைகளைப் பிரித்து வைத்தாள். பொரிக்க மூன்று நாள், குடல் அறுக்கிற அளவுக்கு வளரப் பதிமூன்று நாள், மெழுகில் பதித்துச் சீவிச் சாயமேற்ற ஐந்து நாள். கணக்கில் இரண்டு நாள்தான் மிச்சம்.

இலைக்கு எங்கள் ஊரை நம்பவில்லை. கூடப் படிக்கிற அன்புராஜுக்குத் திருப்பாச்சூரில் நெல்வயல், வரப்பில் ஆமணக்கு. அவன் திருவள்ளூர் ரயிலில் வருவான், இவள் கும்மிடிப்பூண்டி ரயிலில் போவாள், பேசின் பிரிட்ஜ் பிளாட்பாரத்தில் பை கை மாறும். பிளாட்பாரத்தில் பை வாங்குகிற பெண்ணை எங்கள் லைன் சும்மா விடுமா? நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்குப் பதில்தான் சொன்னேன்.

மேரியின் நிலைமைதான் பார்க்கச் சகிக்கவில்லை. டப்பாவைத் தொடக்கூடாது என்று உத்தரவு. கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவளுக்குத் தெரியாது. என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்குமாக நடப்பாள், என் வீட்டு வெங்காயத்தை உரித்து வைப்பாள், திரும்பிப் போய் மூடி வழியாக எட்டிப் பார்ப்பாள். ஒருநாள் “எல்லாம் தலையத் தூக்கிக்கினு அசையாம கீது, நான் பாத்ததுலதான்” என்று அலறியடித்து வந்தாள். ஷைனியைப் போனில் கேட்டால், ஒன்றுமில்லை, தோலுரிக்கப் போகிறதாம். அதைப் பார்க்கவும் என்னைத்தான் துணைக்குக் கூப்பிட்டாள்.

புழு பொரித்துப் பத்தாம் நாள் அன்புராஜுக்குக் காய்ச்சல், இலை வரவில்லை. டப்பாவில் காம்புதான் மிச்சம். அந்த வயதில் புழு ஒரு நாள் பட்டினி கிடந்தால் குடல் சுருங்கி எல்லாம் வீண் என்று ஷைனி அறைக்கும் வாசலுக்கும் நடந்தாள். கல்லூரியில் சாயம் தயாராகிக்கொண்டிருந்தது, அவள் போயே ஆக வேண்டும். மேரி செருப்பை மாட்டினாள்.

“எங்கம்மா போற?”

“திருப்பாச்சூருக்கு. ஒண்ணும் கழுவமாட்டேன், போதுமா.”

பெரியபாளையம் வழியாகப் பஸ் மாறி மாறிப் போய், ஈரத்துணி சுற்றிய பையை மடியில் வைத்துக்கொண்டு நாலு மணிக்கு வந்தாள். அன்புராஜின் அம்மா கெங்கம்மாள் கூடவே வரப்பில் இறங்கிப் பறித்துக் கொடுத்தாராம். காபியும் கொடுத்தாராம். காபியோடு ஒரு செய்தியும்: ஆவணியில் அன்புராஜுக்குக் கல்யாணம், நாத்தனார் மகள் காயத்ரி.

சாயங்காலம் ஷைனி டப்பாவில் இலை வைத்துக்கொண்டிருந்தபோது மேரி மெதுவாகச் சொன்னாள். நான் அங்கேதான் இருந்தேன்.

“தெரியும்மா. போன மாசமே சொன்னாரு,” என்றாள் ஷைனி, திரும்பாமல். “இந்த இலைய நீ வை. காம்பு ஈரமா இருக்கணும், அவ்ளோதான்.”

மேரி வைத்தாள். ஒவ்வொன்றாக, பேப்பர் ரோஸ்ட் வைப்பதுபோல்.

முப்பது புழு அறுத்ததில் ஆறின் குடல் கை தவறிக் கிழிந்துவிட்டது. மற்றதில் நெட்டைகளும் குடங்களும் வரிசை குலையாமல் நின்றனவாம். ஜெபா மேடம் ஸ்லைடுகளை முழுதாக இரண்டு மணி நேரம் பார்த்து, கெடுவுக்கு முந்தின நாள் கையெழுத்துப் போட்டார்.

ஆவணியில் அன்புராஜ் காயத்ரியைக் கட்டினான். நானும் மேரியும் போயிருந்தோம், சாப்பாடு பரவாயில்லை. ஷைனி வரவில்லை, அவள் அதற்குள் பெங்களூரில் ஒரு பட்டுப்புழு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குப் போய்விட்டாள். அடுத்த வருடம் அங்கேயே ஸ்டீவன் என்று ஒருவனைக் கட்டினாள், அவனும் பூச்சிதான். வரதன் ரிட்டயர் ஆனதும் அவரும் மேரியும் அவளிடமே போனார்கள். மகள் கூப்பிட்டாள் என்று மேரி சொன்னாள், மேரி கேட்டுப் போனாள் என்று வரதன் சொன்னார். அந்த வீட்டில் இப்போது ஒரிசாவிலிருந்து வந்த ஐந்து பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இன்னும் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை; பாஷைதான் இடிக்கிறது.