பசியாறிட்டுப் போங்க மச்சான்

புருஷன் பெயரைச் சொல்லக்கூடாதாம். நான் சொல்வேன். தேவதாஸ். பஸ் கண்டக்டர், மலாக்காவில் பேர்போன குத்துச்சண்டைக்காரன். மேடையில் குத்த ஆள் தேடுவான். வீட்டில் குத்த நான் இருந்தேன்.

தீபாவளிக்கு முதல்நாள் குழம்பில் உப்பு கூடிப்போனது என்று என் முன்பல்லை உடைத்தான். என் அண்ணன் மருதமுத்து சும்மா இருப்பானா? மார்க்கெட்டில் ஆட்டுக்கறி வெட்டுகிறவன், நடுரோட்டில் அவனைப் போட்டு மிதித்தான். போலீஸ் வந்து அண்ணனைத்தான் பிடித்துப் போனது. இன்னொரு தடவை கை வைத்தால் ஜெயில் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். நாலு பிள்ளைக்காரன், என்ன செய்வான்? பல்லைக் கடித்துக்கொண்டான். எனக்குக் கடிக்கப் பல்லும் இல்லை.

மெர்டேக்கா சுதந்திர விழாவுக்குத் திடலில் குத்துச்சண்டை வைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் அண்ணனுக்கு வழி தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவனும் கையுறை மாட்டியவன்தான்.

"பூங்காவனம், மேடையில அடிச்சா கேஸ் இல்ல" என்றான் என்னிடம்.

ஆனால் அண்ணன் உடம்பு கறிக்கடைக்காரன் உடம்பு. சண்டை நடத்துகிற மாணிக்கவாசகம் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். தேவதாஸ் எடைக்கு இறங்கி வந்தால்தான் அவனோடு மோத விடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அண்ணன் ஓட ஆரம்பித்தான். விடிந்ததும் ஜாலான் பெண்டஹாரா தெருவில் புறப்பட்டு, காஜா பேராங்கில் என் வீட்டைத் தாண்டி ஓடுவான். வேறு ரோடே இல்லையா என்று கேட்காதீர்கள். தங்கச்சி முழுசாக இருக்கிறாளா என்று தினம் பார்க்க வேண்டும் அவனுக்கு.

தேவதாஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். தேன் ஒழுகக் கூப்பிடுவான். "மச்சான், பசியாறிட்டுப் போங்க."

முதல் நாள் அண்ணன் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு ஓடினான். உன் அண்ணன் என் வீட்டுச் சோற்றை மதிக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி, தேவதாஸ் என்னை இடுப்புவாரால் விளாசினான். மறுநாள் என் கண் வீங்கியிருந்ததை அண்ணன் பார்த்தான். உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தான்.

கூடப்பிறந்தவளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கை நனைக்காமல் போனால் அவளுக்குத்தானே இழுக்கு. அந்த மரியாதையைச் சுருக்குக் கயிறாகத் திரித்துவிட்டான் படுபாவி. நெய் மிதக்கும் பொங்கல், பரோட்டா, ஆட்டுக்கால் குழம்பு என்று தினம் ஒன்று சமைக்கச் சொல்வான். அண்ணன் வேர்வை சொட்டச் சொட்டச் சாப்பிடுவான். தட்டு காலியானால், இன்னும் வை என்று எனக்கு ஜாடை காட்டுவான் தேவதாஸ். நான் வைப்பேன். வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

எடை எப்படி இறங்கும்? மார்க்கெட்டில், மருதமுத்து ஓட ஓடப் பருக்கிறான் என்று கேலி செய்தார்களாம். அண்ணன் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. தங்கை வீட்டுக் கதையை எவன் சந்தையில் சொல்வான்?

விழாவுக்கு ஒரு மாதம் இருந்தபோது தேவதாஸ் குடித்துவிட்டு வந்து என் தலைமுடியைப் பிடித்து ஆட்டினான். "உங்கண்ணன் மேடை ஏறவே மாட்டான்டி. ஒன் கையாலேயே சோறு போட்டு அவனக் கட்டிவச்சிருக்கேன்" என்று சிரித்தான்.

அடி வாங்கிய வலியெல்லாம் தாங்கிவிட்டேன். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை அண்ணன் வாசலுக்கு வந்தான். தேவதாஸ் வழக்கம்போலக் கூப்பிட்டான். நான் கொதிக்கக் கொதிக்கக் குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து அவன் மடியிலேயே கவிழ்த்தேன். அலறிக்கொண்டு எழுந்து என் முடியைப் பிடித்து உள்ளே இழுத்தான். அண்ணன் பாய்ந்து வந்தான்.

"நிக்காதண்ணே. நீ நின்னா நான் வாங்குற அடி வீணாப் போயிடும். ஓடு."

அண்ணன் படி ஏறுவதற்குள் காலால் கதவை எத்திச் சாத்தினேன். ஒரு கையை எட்டித் தாழ்ப்பாளையும் போட்டேன். அந்தக் கையைத்தான் தேவதாஸ் முறித்தான்.

அப்புறம் ஒவ்வொரு காலையும் அண்ணன் வீட்டைக் கடந்து போகும்வரை நான் அடுப்பே பற்ற வைக்கவில்லை. தினம் அடி. மலாய் பேசும் பக்கத்து வீட்டுச் செட்டிக்காரம்மா சொன்னாள், உன் அண்ணன் அழுதுகொண்டே ஓடுகிறான் என்று. அவன் தன் வீட்டிலும் சரியாகச் சாப்பிடவில்லையாம். கன்னம் ஒட்டியது, வயிறு வற்றியது. என் சத்தம் காதில் விழுந்தபின் யாருக்குச் சோறு இறங்கும்?

திடலில் அண்ணனை எடை போட்டார்கள். மாணிக்கவாசகம் முள்ளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தேவதாஸின் முகம் செத்துப்போனது. நான் கட்டுப்போட்ட கையோடு ஆம்பிளைகளுக்கு நடுவில் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

முதல் சுற்றில் தேவதாஸ்தான் அடித்தான். அண்ணனின் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணை மூடியது. மூக்கு உடைந்தது. அவன் விழவில்லை. அடுத்த சுற்றில் தலையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போனான். விலாவில் ஒன்று, அதே விலாவில் இன்னொன்று. தேவதாஸ் மூச்சுக்கு வாயைத் திறந்தபோது தாடையில் விழுந்தது பாருங்கள், கறிக்கடையில் எலும்பு வெட்டும் அதே சத்தம். பல்லும் ரத்தமுமாகத் துப்பிக்கொண்டு சரிந்தான். மாணிக்கவாசகம் பத்து எண்ணினார். அவரைவிடச் சத்தமாக நான் எண்ணினேன். பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் உடைந்த தாடைக்குக் கம்பி போட்டு அவன் வாயைக் கட்டி அனுப்பினார்கள். கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் இறங்கும். அவன் வீடு வந்த மறுநாள் காலை நான் ஒற்றைக் கையால் எல்லாம் சமைத்தேன். பொங்கல், பரோட்டா, ஆட்டுக்கால் குழம்பு. அந்த நாற்காலிக்கு முன்னால் பரப்பி வைத்தேன்.

"பசியாறுங்க. வச்ச சோத்த மதிக்கலன்னா இந்த வீட்டுல என்ன நடக்கும்னு ஒங்களுக்குத் தெரியும்ல."

அவன் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. நான் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணன் ரோட்டில் நின்றான். பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தான்.

ஜாலான் பெண்டஹாராவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். இட்லி வந்தது. அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், கை போகவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தான், அந்த வாசலில் தினம் பார்த்த அதே பார்வை.

"சாப்புடுண்ணே" என்றேன். "இன்னிக்கு நீ சாப்பிட்டாலும் அடி இல்ல, சாப்பிடாட்டியும் அடி இல்ல."

அதற்கப்புறம்தான் அவன் இட்லியைப் பிட்டான். முதல் வாயை எனக்கு ஊட்டினான்.