நுனி வைத்த வண்டி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். புகைப் பரிசோதனைக் கடையில் பதினோரு வருஷம் நின்று பாருங்கள், உங்களுக்கும் வரும். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே நான்கு வண்டிகள் உறுமிக்கொண்டு நிற்கும். "எஞ்சினை அணைங்க" என்று கத்தினால், "ரெண்டே நிமிஷம்தானே" என்பார்கள். அவரவருடைய இரண்டு நிமிஷம்தான், நாள் முழுக்க என் நெஞ்சுக்குள் போகிறது.

வேலை என்னவோ சுலபம். மெஷினிலிருந்து வரும் குழாயை வண்டியின் சைலன்சருக்குள் ஒரு சாண் ஆழத்துக்கு நுழைக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லி, திரையில் எண்ணைப் பார்க்க வேண்டும். ஐம்பதுக்குள் இருந்தால் சான்றிதழ், தாண்டினால் மெக்கானிக்கிடம் போ. இதில் ஒரு திருட்டு வேலையும் உண்டு. குழாயை உள்ளே விடாமல், நுனியை மட்டும் சைலன்சர் வாயில் பிடித்துக்கொண்டால் வெளிக்காற்றும் சேர்ந்து போகும். எப்பேர்ப்பட்ட ஓட்டை வண்டியும் பாஸாகிவிடும். எங்கள் கடைப்பேச்சில் அதற்கு 'நுனி வைக்கிறது' என்று பெயர்.

நான் யாருக்கும் நுனி வைத்ததில்லை. என் தம்பிக்கு மட்டும் வைத்தேன்.

அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். டீசல் வண்டி, பழசு. "அக்கா, இந்த ஒரு தடவை மட்டும் பாத்து வைக்கா. லீவு விட்டதும் எஞ்சின் வேலைய முடிச்சிடறேன்" என்றான். "நீ முடிச்ச லட்சணத்தைத்தான் நீ பொறந்ததிலேருந்து பாக்கறேனே" என்று திட்டிக்கொண்டேதான் வைத்தேன். கூடப் பிறந்தவன். முகத்தை வேறு பாவமாக வைத்துக்கொள்வான், கழுதை.

அதற்குப் பிறகு சில வாரங்களில் என் மகளுக்கு இருமல் பிடித்தது. ஏழு வயது. அவள் செய்யும் சேட்டைக்கு வாலு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். படிக்கட்டு ஏறினால் நெஞ்சுக்கூடு உள்ளே இழுக்கும், விசில் மாதிரி சத்தம் வரும். பெற்ற வயிறு, கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்துவிட்டு, "குழந்தை பக்கத்துல எங்கயாவது புகை இருக்கா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுல கொசுவத்திகூட கெடையாது டாக்டர்" என்று ரோஷமாகச் சொன்னேன். தலையணையை மாற்றினேன், திரைச்சீலையைக் கழற்றி எறிந்தேன். மாடியில் பாய் தட்டிய பக்கத்து வீட்டுக்காரரோடு தெருவே வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டேன். இருமல் நிற்கவில்லை.

நேற்றுக் காலை என் ஸ்கூட்டர் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. வாலு தினமும் பள்ளிக்கூடம் போவது தம்பியின் வேனில்தான்; அவளோடு நானும் அதிலேயே ஏறிக்கொண்டேன். கடைசி சீட்தான் அவளுக்கு ராஜாங்கம். பக்கத்தில் அவளுடைய சிநேகிதி, தடிமனான கண்ணாடி போட்டதால் சோடாபுட்டி. இரண்டும் பின் கண்ணாடியில் விரலால் மீசைக்காரன் முகம் வரைந்துகொண்டிருந்தன.

"அம்மா, இதுதான் எங்க சிலேட்டு" என்றாள் வாலு. "தெனமும் அழிச்சிட்டுப் போவோம், மறுநாள் திரும்ப கறுப்பாயிடும்."

அவள் விரலைப் பிடித்துப் பார்த்தேன். கரி. என் மெஷின் குழாயின் வாயில் படிகிற அதே கரி. வெளிப்பக்கத்தில் இல்லை, கண்ணாடிக்கு உள்பக்கத்தில். பின்கதவின் ரப்பர் பிய்ந்து தொங்கியது, அதற்கு நேர் கீழே சைலன்சர். சோடாபுட்டி பையைத் திறந்து இன்ஹேலரை எடுத்து, தண்ணீர் குடிப்பதுபோல் சாதாரணமாக ஒரு இழுப்பு இழுத்தாள்.

இரண்டையும் எழுப்பி முன் சீட்டில் உட்காரவைத்தேன்.

குழந்தைகளை இறக்கிவிட்டதும், "வண்டிய நேரா கடைக்கு விடுடா" என்றேன். குழாயை ஒரு சாண் உள்ளே விட்டேன். எண்பத்தொன்று.

"மெஷின் கெட்டுப் போச்சா?" என்றான் தம்பி.

"நான்தான்டா கெட்டுப் போனேன். போன தடவை நுனிதான வச்சேன்."

கண்ணாடியைக் காட்டினேன். விரலால் கரியைத் தொட்டுப் பார்த்தான். "பின் சீட்டுல ரெண்டுக்கும் இருமல்னு தெரியும்க்கா. சீசன்னு நெனச்சேன். அவ்வளவு மோசம்னா நீ பாஸ் போட்டிருக்க மாட்டேன்னு இருந்துட்டேன்" என்றான். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பழைய சான்றிதழைக் கிழித்தேன். அவனே வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வந்தான்.

சாயங்காலம் இருவரும் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றோம். பிள்ளைகளை வந்து கூட்டிப்போகச் சொல்லி எல்லோருக்கும் போன் செய்திருந்தோம். முதலில் வந்தது சோடாபுட்டியின் அம்மா, தையல்கடைக்காரி. மென்று விழுங்காமல் சொல்லிவிட்டேன்.

"உங்க பொண்ணுக்கு இழுப்பு வந்தது இந்த வேன் புகையாலதான். அந்த வண்டிய ஏமாத்திப் பாஸ் போட்டது நான்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன். அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"நாய் முடியாலதான் இருக்கும்னு நெனச்சோம்" என்றாள். "அவ பொறந்ததிலேருந்து வீட்டுல இருந்த நாய். போன மாசம் தூரத்துல ஒருத்தர்கிட்ட குடுத்துட்டோம்."

"திரும்பக் கூட்டிட்டு வந்துடுங்க. நானே போய்க் கூட்டிட்டு வரேன்."

"அங்க ஒண்ணும் சாப்பிடலையாம். பத்து நாள்ல செத்துப் போயிடுச்சு. இவகிட்ட இன்னும் சொல்லல."

பதினோரு வருஷமாக ஊரையே வாயால் விரட்டியவள் நான். மன்னிப்புக் கேட்கக்கூட வெட்கமாக இருந்தது.

மணி அடித்தது. குழந்தைகள் கூச்சலோடு ஓடி வந்தார்கள். தையல்கடைக்காரி அவசரமாக என் கையைப் பிடித்தாள்.

"வண்டிப் புகைன்னு எம்பொண்ணு காதுல மட்டும் போட்டுடாதீங்க" என்றாள். "நாய் இருந்தா உனக்கு மூச்சு முட்டும்னு சொல்லித்தான், அவ கையாலயே அதக் குடுக்க வச்சோம்."