பிஷ்கெக்கில் வேம்பு இறங்கிய இடம்

பிஷ்கெக்கில் டாக்டருக்குப் படிக்கும் மகள் மஞ்சுவுக்குக் குடல்வால் ஆபரேஷன் என்று தெரிந்ததும், வேம்பு குன்னத்திலிருந்து தனியாகவே கிளம்பி வந்துவிட்டாள்.

விமான நிலைய வாசலில் அவள் பெயரைத் தமிழில் எழுதிய அட்டையோடு ஒரு டிரைவர் நின்றார். அவளுடைய போன் அங்கே வேலை செய்யவில்லை. வேறு வழியில்லாமல் காரில் ஏறினாள்.

சாலையின் இருபுறமும் மொட்டை மரங்களும் பனியுமாக இருந்தன. கடைப் பலகை ஒன்றைக்கூட வாசிக்க முடியவில்லை. டிரைவர் தூரத்து வெள்ளை மலையைக் காட்டி ஏதோ சொன்னார். வேம்பு மலையைப் பார்க்கவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய ரோட்டை விட்டு கார் ஒரு சந்துக்குள் திரும்பியது.

“நிறுத்துங்க, நான் எறங்கிக்கிறேன்” என்று கதவைத் தட்டினாள்.

கார் நின்றதும் இறங்கி, வழுக்கும் பனியில் வந்த வழியே நடந்தாள். டிரைவர் தன் போனை நீட்டியபடி பின்னாலேயே ஓடி வந்தார்.

போனில் மஞ்சு பேசினாள். “எங்கம்மா போற? அந்தச் சந்துலதான் ஆஸ்பத்திரி இருக்கு. நான் ரோட்டுல மயங்கி விழுந்தப்ப, தூக்கியாந்து இங்க சேத்தவரே இவருதான்.”

வேம்பு அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் கைகூப்பினார்.

“இப்ப வலி எப்புடி இருக்கு, சாமி?”

“வந்து பாரும்மா.”

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. காரில் ஏறாமல், ஆஸ்பத்திரியைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனாள்.