துணை விமானியின் அக்கா

பேங்க் மேடத்தின் தலையில் பாதிக்குச் சாயம் பூசி முடித்த நேரத்தில்தான் பார்லர் டிவியில் அந்தச் செய்தி வந்தது. நூற்று எண்பத்து மூன்று பேரோடு கிளம்பிய பயணிகள் விமானம் ஒன்று காலை ஆறரை மணியிலிருந்து ரேடாரில் இல்லை.

"அவ்வளவு பெரிய விமானம் எப்படிங்க காணாம போகும்? அதென்ன குடையா?" என்றார் மேடம்.

பக்கத்து நாற்காலிக்காரி, "அடுத்த வாரம் எங்க வீட்டுக்காரர் போகணும். முதல்ல டிக்கெட்ட கேன்சல் பண்ணச் சொல்றேன்" என்றாள்.

சாயம் பூசிக்கொண்டிருந்தவள் அக்கா. அந்தப் பார்லரில் பதினாறு வருடமாகக் கத்தரி பிடிப்பவள். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அவள் 'அக்கா'. உண்மையில் அவள் ஒரே ஒருவனுக்குத்தான் அக்கா. அம்மா போனபிறகு அவளே வளர்த்து ஆளாக்கிய அந்தத் தம்பி, காணாமல்போன விமானத்தின் கம்பெனியில் துணை விமானி. அன்றைக்கு அவனுக்கு விடுமுறை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு கையுறையைக் கழற்றிவிட்டுப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தான். தூங்குகிறான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மறுபாதிக்குச் சாயம் பூசினாள்.

மதியம் கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். காய்ச்சலில் படுத்த நண்பனுக்குப் பதிலாக அவன்தான் ஏறியிருந்தான்.

முதல் வாரம் தெருவே அவள் வீட்டில் இருந்தது. வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது. பேங்க் மேடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கேட்க ஒரு ஆள் கிடைத்ததில் அக்கா தம்பியைப் பற்றி ஏதேதோ சொன்னாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் நிச்சயமான கல்யாணம் நின்றுபோனதையும் சொன்னாள். "அவனேதான் வேணாம்னுட்டான் மேடம். அப்பாடா, தப்பிச்சேன்னு என்ன சிரிப்பு சிரிச்சான் தெரியுமா?"

ஒன்பதாம் நாள் டிவியில் நான்கு நிபுணர்கள் ஒரு பொம்மை விமானத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். விமானம் நடுவழியில் திரும்பியிருக்கிறது, அதற்கு முன்பே ரேடியோ நின்றிருக்கிறது, யாரோ கையால்தான் அணைத்திருக்க வேண்டும் என்றார்கள். திரையின் அடியில் ஒரு வரி ஓடியது: 'கல்யாணம் நின்றதால் மனமுடைந்திருந்தார் துணை விமானி. குடும்பத்துக்கு நெருக்கமானவர் தகவல்.' தம்பியின் சிரிப்பை மட்டும் வழியில் எங்கோ உதிர்த்துவிட்டிருந்தார்கள்.

அதோடு சாப்பாடு நின்றது. தெருவில் எதிரே வருகிறவர்களுக்குத் திடீரென்று போனில் வேலை வந்தது. பத்து வருடமாக அவளிடம் மட்டுமே தலையைக் கொடுத்த ஒருத்தி, "இன்னிக்கு வேற யாராவது வெட்டட்டுமே, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். பிறகு திரைக்கு அந்தப் பக்கம் போய், "கழுத்துக்கிட்ட கத்தரியோட நிப்பாளே, பயமா இருக்காதா?" என்று கிசுகிசுத்தாள். வெறும் துணித் திரை, எல்லாமே கேட்டது.

ஒரு காலையில் பார்லர் ஷட்டரில் 'கொலைகாரன் அக்கா' என்று எழுதியிருந்தது. முதலாளியம்மாவும் சேர்ந்து தேய்த்துக் கழுவினாள். கழுவி முடித்ததும், "கொஞ்ச நாள் வீட்ல இரு. உன்ன வேணாம்னு சொல்லல. எனக்கும் வயிறு இருக்குல்ல" என்றாள்.

வீட்டில் இருப்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது. தம்பி கடைசியாகப் பேசியதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். 'வைக்கிறேன்கா' என்றானே, அதில் ஏதாவது இருந்ததா? ஊர் பேசியது போதாதென்று அவள் மனசும் பேச ஆரம்பித்தது.

மூன்றாம் மாதம் ஒரு பெரியவர் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மகளும் மூன்று வயதுப் பேத்தியும் அந்த விமானத்தில் போனவர்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"சண்டைக்கு வரலம்மா. டிவிக்காரன் சொல்றத கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. நீங்க சொல்லுங்க. உங்க தம்பி அப்படிச் செய்யக்கூடிய ஆளா?"

இல்லவே இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வரவில்லை. "ஊருக்குப் போனா பாதி வழியில இருந்து போன் பண்ணி, கேஸ மூடினியாக்கான்னு கேப்பான் ஐயா. அப்படிப்பட்டவன். ஆனா அந்த நேரத்துல அவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு... எனக்குத் தெரியாது."

அவர் தெருவில் யாரும் இல்லையென்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நான் முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன். ஒருநாள், வீட்ல பெரிய பிரச்சனை. பாலத்து மேல போறப்ப, ஸ்டீயரிங்க இப்படியே ஒடிச்சு விட்டா என்னன்னு தோணுச்சு. பின்னாடி அம்பது பேர். ஒரு நொடிதான். ஒடிக்கல. என் பொண்டாட்டிக்குக்கூட இது தெரியாது. அதனாலதான் கேட்டேன்."

போகும்போது தன் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

பதினாறு மாதம் கழித்துக் கடலடியில் கறுப்புப் பெட்டி கிடைத்தது. சரக்கு அறையில் தீ. கம்பிகள் எரிந்து ரேடியோ செத்திருக்கிறது. விமானத்தைத் திருப்பியவன் தம்பிதான், பக்கத்திலிருந்த விமான நிலையத்தில் இறக்குவதற்காக. கடைசிவரை அவன் குரல் நிதானமாக இருந்தது என்றது அறிக்கை. டிவியில் இது விளம்பரத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் வந்தது. பொம்மை விமானத்தை யாரும் வெளியே எடுக்கவில்லை.

அக்கா அழுது முடித்து, முகம் கழுவி, டிரைவருக்குப் போன் செய்தாள். அறிக்கையை முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினாள். தம்பி தப்புச் செய்யவில்லை என்று சத்தமாக இன்னொருவரிடம் சொல்ல அவளுக்கு அவ்வளவு அவசரம்.

"நல்ல பிள்ளைம்மா. கடைசிவரைக்கும் பாடுபட்டிருக்கான்" என்றார் அவர். பிறகு, "தீ பிடிச்சதுல இருந்து எவ்வளவு நேரம்னு போட்டிருக்கான்?"

"பதினோரு நிமிஷம் ஐயா."



"பதினோரு நிமிஷம்" என்றார் அவர். "அப்ப என் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். குழந்தைய மடியில வச்சுக்கிட்டு, எல்லாம் தெரிஞ்சுதான் உக்காந்திருப்பா... இல்லம்மா?"

அக்காவால் போனை வைக்க முடியவில்லை. அவர் அழுது ஓயும்வரை காதில் வைத்தபடியே நின்றிருந்தாள்.